விண்வெளி விபத்துப் படங்கள்: மூன்றில் எதைப் பார்க்கலாம்?

மீன்பிடித் தடைக்காலம் வந்தால் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் என் மாமாவுக்குத்தான் வேலை அதிகம். விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். கரையேறிய படகுகள் எல்லாம் அப்போதுதான் அவர் கைக்கு வரும். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு படம் பார்த்தால்தான் அவருக்குத் தூக்கம். இந்த வருஷம் நான் கொண்டுபோனது மூன்று படங்கள். மூன்றுமே விண்வெளிப் பயணத்தில் உண்மையாக நடந்த விபத்துகளை நடிகர்களை வைத்து எடுத்தவை.

பிறத்தியார் சாவையும் ஆபத்தையும் படமாக்கிப் பார்க்கலாமா என்று அத்தை முதலிலேயே கேட்டார். நியாயமான கேள்விதான். எங்கள் பக்கம் 1964 டிசம்பர் புயலைப் பற்றிப் பேசும் பெரியவர்கள் அலையின் உயரத்தோடு நிறுத்துவதில்லை. தனுஷ்கோடிக்குப் போன ரயில் சிக்னல் கிடைக்காமல் நின்றது, அப்புறம் ஏன் கிளம்பியது என்ற இடத்துக்கு வந்துதான் நிற்பார்கள். விபத்துப் படத்திடமும் நான் எதிர்பார்ப்பது அதைத்தான். ஏன் கிளம்பினார்கள்?

'சல்யூட் 7' பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 2017-இல் வந்த ரஷ்யப் படம். 1985-இல் மின்சாரம் போய், உறைந்து, பதில் சொல்லாமல் சுற்றிக்கொண்டிருந்த விண்வெளி நிலையத்தை ஜானிபெகோவ், சவினிக் என்ற இரண்டு பேர் தேடிப்போய், கையாலேயே கலத்தை ஓட்டி இணைத்து உயிர்கொடுத்தார்கள். அந்த உண்மையே போதும். படமோ அவர்கள் பெயரை மாற்றி, நடக்காத தீ விபத்தைச் சேர்த்து, வெளியே நின்று சுத்தியலால் அடித்துச் சரிசெய்யும் காட்சியையும் வைத்திருக்கிறது. காட்சிகள் அழகுதான். ஆனால் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பிரிக்க முடியாமல் போகிறது. மாமா பாதியில் தூங்கிவிட்டார்.

'அப்பல்லோ 13' அப்படி இல்லை. 1995-இல் ரான் ஹோவர்ட் இயக்கியது. 1970 ஏப்ரலில் நிலவுக்குப் போகும் வழியில் ஆக்சிஜன் தொட்டி வெடித்துவிட, லவெல், ஸ்விகர்ட், ஹைஸ் மூவரும் நிலவில் இறங்கவேண்டிய சிறு கலத்துக்குள் ஒதுங்கி உயிர் பிழைத்த கதை. மூச்சுக்காற்றைச் சுத்தம் செய்யும் வடிகட்டி ஒரு கலத்தில் சதுரம், இன்னொன்றில் வட்டம். பிளாஸ்டிக் உறையும் ஒட்டுநாடாவும் வைத்து இரண்டையும் பொருத்துவார்கள். நடுக்கடலில் இன்ஜின் நின்றால் கையில் கிடைத்ததை வைத்துக் கட்டிக்கொண்டு கரை சேர்கிற எங்கள் ஆட்களுக்கு அந்தக் காட்சியை யாரும் விளக்கவேண்டாம்.

கடைசியில் கலம் காற்றுமண்டலத்துக்குள் நுழையும்போது ரேடியோ அடங்கிப்போகும். எதிர்பார்த்த நேரம் தாண்டியும் சத்தம் வராது. நிஜத்திலும் ஒரு நிமிடத்துக்கு மேல் கூடுதலாகவே ஆனது. அத்தையின் அண்ணன் ஒருமுறை கடலுக்குப் போய் நான்காம் நாள்தான் திரும்பினார். இவர்களும் வெடிப்பு நடந்த நான்காம் நாள்தான் கடலில் இறங்கினார்கள். அத்தை சேலைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்தபடி, "வந்துட்டாய்ங்களா, வந்துட்டாய்ங்களா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

குறை உண்டு. கலத்துக்குள் மூவரும் சண்டை போடுவது படத்துக்காகச் சேர்த்தது. அதைவிட எனக்குக் குறையாகப் பட்டது, தொட்டி ஏன் வெடித்தது என்பது ஓரிரு வரியில் முடிந்துபோவது. 28 வோல்ட்டுக்குச் செய்த சுவிட்ச், ஏவுதளத்தில் 65 வோல்ட் கொடுத்ததும் தீய்ந்து ஒட்டிக்கொண்டது. சூடு ஏறிக் கம்பியின் உறை கருகியது. மாமா கேட்டது அதைத்தான். படத்தில் பதில் இல்லை, நான்தான் சொன்னேன்.

மூன்றாவது, பிபிசி 2013-இல் எடுத்த 'தி சேலஞ்சர் டிசாஸ்டர்'. என் கணக்கில் முதலிடம் இதற்கே. 1986 ஜனவரி 28, கிளம்பிய 73-ஆவது விநாடியில் சேலஞ்சர் என்ற அமெரிக்க விண்வெளி ஓடம் உடைந்து ஏழு பேர் இறந்தார்கள். படம் அதற்குப் பிறகான விசாரணையைச் சொல்கிறது. இயற்பியலாளர் ஃபெயின்மேனாக வில்லியம் ஹர்ட். நோயோடு போராடிக்கொண்டே ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்குகிறார். கடைசியில் விசாரணை மேசையில், ராக்கெட்டின் இணைப்பில் வாயு கசியாமல் அடைக்கும் ஓ-ரிங் என்ற வளையத்தின் ரப்பரை இடுக்கியில் நெருக்கி ஐஸ் தண்ணீரில் போட்டு எடுக்கிறார். இடுக்கியைத் தளர்த்தியும் ரப்பர் உடனே நிமிரவில்லை.

மாமா படத்தை நிறுத்தச் சொன்னார். டூல் பெட்டியைத் திறந்து, கிரீஸ் படிந்த ஒரு ஓ-ரிங்கை எடுத்து வேட்டி நுனியில் துடைத்து, பிரிட்ஜிலிருந்து ஐஸைக் கொட்டிய டம்ளருக்குள் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து எடுத்து விரலால் நசுக்கிவிட்டு என்னிடம் நீட்டினார். விறைத்திருந்தது. "மாப்ள, இது அடைக்காது. கசியும். இதைச் சொல்ல அங்க ஒரு மெக்கானிக்கூடவா இல்ல?"

இருந்தார்கள். ராக்கெட்டைச் செய்த நிறுவனத்தின் இன்ஜினியர்கள் ரோஜர் பாய்ஜோலியும் மற்றவர்களும் முந்தின ராத்திரியே குளிர் அதிகம், விடவேண்டாம் என்று தொலைபேசிக் கூட்டத்தில் வாதாடினார்கள். இன்ஜினியர் தொப்பியைக் கழற்றி நிர்வாகித் தொப்பியைப் போடு என்று அவர்களின் மேலதிகாரி ஒருவருக்கே சொல்லப்பட்டது. நிறுவனம் பின்வாங்கியது. காற்று சரியில்லை என்று ஓட்டுநர் சொல்லியும் கடன் நெருக்கடியில் படகை இறக்கச் சொல்லும் ராத்திரிகளை நாங்களும் பார்த்திருக்கிறோம். மாமா ரொம்ப நேரம் பேசவில்லை.

வெளிச்சம் முழுக்க ஃபெயின்மேன் மேலேயே விழுவதுதான் இந்தப் படத்தின் குறை. அந்த இன்ஜினியர்களுக்கு இன்னும் இடம் கொடுத்திருக்கவேண்டும். அதற்கு 2020-இல் வந்த 'சேலஞ்சர்: தி ஃபைனல் ஃப்ளைட்' என்ற நான்கு பாக ஆவணப்படத்தைச் சேர்த்துப் பார்க்கலாம். படத்துக்குப் பிறகு பார்ப்பதுதான் நல்லது. ரப்பர் விறைப்பதை ஒருமுறை கண்ணால் பார்த்த பிறகு அதில் பேசுகிறவர்களின் ஒவ்வொரு சொல்லும் உறைக்கும்.

வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்க்க 'அப்பல்லோ 13'. ஒருவரோ இருவரோ உட்கார்ந்து யோசித்துப் பார்க்க சேலஞ்சர் படம். 'சல்யூட் 7' பார்க்காவிட்டாலும் ஒன்றுமில்லை.

எனக்கு வேண்டிய இன்னொரு படத்தை நான் எங்கும் பார்க்கவில்லை. 2003-இல், திரும்பும்போது சிதறிப்போன கொலம்பியா விண்வெளி ஓடம் கிளம்பும்போதே நுரைத்துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. இறக்கையைப் படமெடுத்துப் பாருங்கள் என்று இன்ஜினியர்கள் கேட்டார்கள், எடுக்கவில்லை. கல்பனா சாவ்லாவும் ஆறு பேரும் பதினாறு நாள் மேலே வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பதினாறு நாளை யாராவது நேர்மையாக எடுத்தால், முதல் ஆளாக மாமா வீட்டுக்குக் கொண்டுபோவேன்.