செரோகிராஃபிகாவா, டெக்டோரமா? கேஎல் கொண்டோவுக்கு எந்த வெள்ளி இலை?

இரண்டும் மண் கேட்காத காற்றுச்செடிகள், டில்லாண்ட்சியா வகை; இரண்டுக்கும் வெள்ளி இலை. அதற்காக ஒரே நாளில் ஒரே அளவு தண்ணீர் காட்டினால் ஒன்று போய்விடும். கோலாலம்பூரில் போவது பெரும்பாலும் டெக்டோரம்தான்.

அந்த வெள்ளி, இலைமேல் படர்ந்த நுண்செதில்கள். நனைந்ததும் அவை இலையோடு ஒட்டித் தண்ணீரை உறிஞ்சும், இலை பச்சையாகத் தெரியும். காய்ந்தால் வெள்ளி திரும்பும். இந்தச் செடிகள் இலைத்துளைகளைத் திறப்பது இரவில். அப்போது செதில் ஈரமாக இருந்தால் மூச்சு முட்டும். ஆகவே காலையில் நனைத்து, 4 மணி நேரத்துக்குள் காயவிட வேண்டும். நம்மூர் ஈரக்காற்றில், மூடிய அறையில் அது நடக்காது. தெளிப்பான் வாங்குமுன் ஒரு மேசை விசிறி வாங்குங்கள்.

செரோகிராஃபிகா மெக்சிகோ, குவாத்தமாலா வறண்ட காடுகளிலிருந்து வந்தது. நம் தவறுகளைப் பொறுக்கும். வாரம் ஒருமுறை வாளியில் 10 நிமிடம், இரவெல்லாம் ஏர்கோன் ஓடும் அறையென்றால் 20. எடுத்ததும் உதறி, தலைகீழாகவே காயவையுங்கள். இலையடியில் ஒரு தேக்கரண்டி தண்ணீர் தேங்கினாலும் அழுகல் தொடங்கும். அடி கறுத்து, நடு இலை இழுத்ததும் கையோடு வந்தால் காப்பாற்ற வழியில்லை. இலை வழக்கத்தைவிட இறுகச் சுருண்டால் அது தாகம்.

டெக்டோரம் ஈக்வடார், பெரு மலைகளின் செடி. பஞ்சு போர்த்திய அழகுக்கு மயங்கித்தான் எல்லோரும் வாங்குகிறார்கள். இதை ஊறவைக்கவே கூடாது. 10 நாளுக்கு ஒருமுறை லேசான தெளிப்பு. அடைமழை வாரத்தில் அதுவும் வேண்டாம். சன்னலிலிருந்து ஒரு மீட்டருக்குள், காற்றோட்டத்தில் இருக்கட்டும். வெளிச்சம் குறைந்து ஈரம் கூடினால் புது இலைகள் பஞ்சில்லாமல் பச்சையாக வரும்.

இரண்டுக்கும் மழைநீர் நல்லது. ஏர்கோனிலிருந்து சொட்டும் தண்ணீர் சுத்தமாகத் தெரிந்தாலும் வேண்டாம்: உள்ளே செம்புக் குழாய், செம்பு இவற்றுக்கு விஷம். செம்புக் கம்பியால் கட்டுவதும் அதனால்தான் தவறு, தூண்டில் நரம்பு போதும். உரம் போட்டால் ஆர்க்கிட் உரம், பாக்கெட்டில் சொன்னதில் கால் பங்கு, மாதம் ஒருமுறை.

முதல் செடிக்கு செரோகிராஃபிகாவே சரி. டெக்டோரம், பால்கனிக் கதவைப் பகலில் திறந்தே வைப்பவர்களுக்கு. சுங்கை பூலோ நர்சரிகளில் வாங்கும்போது எதுவானாலும் திருப்பி, அடியை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இல்லையென்றால் பாதி விலைக்கும் வேண்டாம்.