ரான்சம்வேரை அடையாளம் காண: ஐடி ரான்சம்வேரா, கிரிப்டோ ஷெரிஃபா?

கோப்புகள் திறக்கவில்லை, போல்டருக்குப் போல்டர் பணம் கேட்டு ஒரு டெக்ஸ்ட் பைல் கிடக்கிறது என்றால், வந்திருப்பது எந்த ரக ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வைரஸ்) என்று முதலில் தெரிய வேண்டும். அது தெரியாமல் டிகிரிப்டர் (பூட்டைத் திறக்கும் கருவி) தேடுவது வீண். ஆன்டிவைரஸ் சொல்லும் பெயரை நம்ப முடியாது. ஒரே வைரஸுக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு பெயர்.

இலவசமாகக் கிடைப்பவற்றில் இரண்டு முக்கியம்: மால்வேர்ஹண்டர்டீம் என்ற ஆய்வாளர் குழு நடத்தும் ஐடி ரான்சம்வேர், 2016இல் டச்சுக் காவல்துறை, ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் முதலியோர் தொடங்கிய நோ மோர் ரான்சம் தளத்தில் உள்ள கிரிப்டோ ஷெரிஃப். தெரிந்தவர் ஒருவரின் கணினிக்காக இரண்டையும் பார்த்தேன். என் ஓட்டு முதலாவதற்குத்தான்.

இரண்டிலும் பூட்டப்பட்ட கோப்பையும் மிரட்டல் குறிப்பையும் ஏற்றலாம். பூட்டைத் திறக்கக் கருவி இருந்தால் கிரிப்டோ ஷெரிஃப் நேராக அங்கே கொண்டுபோய் விடும். அது நல்ல வசதி, மறுக்கவில்லை.

ஆனால் ஐடி ரான்சம்வேர் எதை வைத்து முடிவுக்கு வந்தது என்பதையும் காட்டுகிறது: குறிப்பின் பெயரா, கோப்புப் பெயரின் கடைசியில் ஒட்டியிருக்கும் எக்ஸ்டென்ஷனா, கோப்புக்குள் இருக்கும் பைட்டுகளா? எனக்கு இதுதான் பெரிய விஷயம். எக்ஸ்டென்ஷனை எவரும் மாற்றலாம். ‘.லாக்ட்’ என்பதை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல ரகங்கள் போட்டிருக்கின்றன. ஸ்டாப் டிஜேவு என்ற ரகமோ எக்ஸ்டென்ஷனை ஓயாமல் மாற்றிக்கொண்டே இருந்தது. ஆனால் பூட்டிய கோப்பின் கடைசியில் அது விட்டுச்செல்லும் முத்திரை வரிசை அப்படியேதான் இருந்தது. எக்ஸ்டென்ஷன் மட்டும் பொருந்தினால் சந்தேகப்படுவேன். பைட்டுகளும் பொருந்தினால் நம்புவேன்.

பெயர் தெரிந்தாலும் வேலை முடியாது. அதே டிஜேவுவில், குறிப்பில் இருக்கும் தனி ஐடி ‘டி1’ என்று முடிந்தால் ஆஃப்லைன் சாவி, அதாவது வைரஸ் தன் சர்வரைத் தொடர்புகொள்ள முடியாதபோது பலருக்கும் பொதுவாகப் போடும் சாவி. அந்தச் சாவி கிடைத்திருந்தால் எம்சிசாஃப்ட் நிறுவனத்தின் டிகிரிப்டர் திறந்துவிடும். 2019 ஆகஸ்டுக்குப் பிறகு வந்த பதிப்பில் ஆன்லைன் சாவி (சர்வரிலிருந்து ஒவ்வொருவருக்கும் தனியாக வருவது) என்றால் அந்த வழி அடைபட்டது.

நான் பார்த்தது விண்டோஸ் வீட்டுக் கணினிதான். அலுவலக சர்வர், நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி) விஷயத்தில் என் ஓட்டுக்கு அவ்வளவு எடை கொடுக்க வேண்டாம்.

அப்புறம், ஏற்றும் கோப்பில் சொந்த விவரம் எதுவும் இருக்கக் கூடாது. தீர்வு இல்லை என்று வந்தாலும் பூட்டிய கோப்புகளையும் குறிப்பையும் அழிக்காதீர்கள். 2020 ஏப்ரலில் ஷேட் என்ற ரான்சம்வேரைப் பரப்பிய கும்பல் ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட சாவிகளைத் தானே வெளியிட்டது. ரகத்தின் பெயரைக் குறித்து வைத்திருந்தவர்களுக்கு அந்தச் செய்தி தங்களுக்கானது என்று உடனே புரிந்திருக்கும்.