சிட்டி ஐ-டிஎஸ்ஐக்கு என்ஜிகே பிகேஆர்6இ-11: வாங்கினால் எட்டாக வாங்குங்கள்

2003 முதல் 2008 வரை இந்தியாவில் விற்ற ஹோண்டா சிட்டியில், 1497 சிசி ஐ-டிஎஸ்ஐ இன்ஜின் உள்ள வண்டிகளுக்கு மட்டும்தான் இந்த ஸ்பார்க் பிளக் விமர்சனம். அதே உடம்பில் வந்த விடெக் இன்ஜினுக்கு 16 வால்வு, நாலு பிளக். ஐ-டிஎஸ்ஐக்கு 8 வால்வு, ஆனால் பிளக் எட்டு. சிலிண்டருக்கு இரண்டு: முன்னால் ரேடியேட்டர் பக்கம் நாலு, பின்னால் வைப்பருக்குக் கீழே நாலு. இந்த வண்டிகளில் பெரும்பாலானவை இன்று ஒன்றரை, இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியவை. பிளக் மாற்றியதாக பில் இருக்கும். பில்லில் எண்ணிக்கை நாலா எட்டா என்று முதலில் பாருங்கள்.

முன்வரிசையை இருபது நிமிஷத்தில் முடித்துவிடலாம். பின்வரிசைக்கு வைப்பர் கைகளைக் கழற்ற வேண்டும், கண்ணாடிக்குக் கீழே இருக்கும் கௌல் பேனலைக் கழற்ற வேண்டும். அந்த வேலைக்குச் சோம்பி முன் நாலை மட்டும் மாற்றிவிடுவது பல பட்டறைகளில் நடக்கிறது. வண்டியும் உடனே காட்டிக்கொடுக்காது. ஒரு சிலிண்டரில் ஒரு பிளக் செத்தாலும் மற்றது பற்றவைத்துவிடும். சாதாரண நாலு பிளக் வண்டியில் ஒன்று போனால் வண்டியே குலுங்கும். இதில் மைலேஜ் கொஞ்சம் குறையும், ஏசி போட்டு நிற்கும்போது லேசாக அதிரும், மூன்றாவது கியரில் மேடேறும்போது ஒரு மந்தம் தெரியும், அவ்வளவுதான். வண்டிக்கு வயசாகிவிட்டது என்று ஓட்டுபவரும் விட்டுவிடுவார். வேகத்துக்கும் சுமைக்கும் ஏற்ப இரண்டு பொறியையும் ஒன்றாகவோ சற்று முன்பின்னாகவோ விடுவதுதான் இந்த இன்ஜின் பெட்ரோலைச் சிக்கனமாக எரிப்பதன் சூட்சுமம். பின்வரிசை தேய்ந்தால் அந்த மைலேஜ்தான் முதலில் போகும்.

இப்போது பிளக். பிகேஆர்6இ-11 சாதாரண நிக்கல் பிளக். பெயரிலேயே எல்லா விவரமும் இருக்கிறது: 14 மி.மீ. மரை, 16 மி.மீ. தலை, ரேடியோ இரைச்சலைத் தடுக்கும் ரெசிஸ்டர், வெப்ப எண் 6, மரை நீளம் 19 மி.மீ., கேப் (பொறி தாவும் இடைவெளி) 1.1 மி.மீ. இன்னொரு பிளக் கம்பெனியான டென்சோவில் இதற்கு இணை கே20பிஆர்-யூ11. டென்சோவின் 20தான் என்ஜிகேயின் 6. என்ஜிகேயில் எண் ஏற ஏற பிளக் குளிர்ந்தது, அதாவது முனையின் சூட்டை வேகமாக வெளியேற்றும். கடைக்காரர் 5 அல்லது 7-ஐ நீட்டி, எல்லாம் ஒன்றுதான் என்றால் வாங்காதீர்கள்.

பலரும் கேட்பது இரிடியம் பற்றி. பின்வரிசையைக் கழற்றுவது இவ்வளவு பாடு என்றால், ஒரே தடவையாக இரிடியம் வகையான பிகேஆர்6இஐஎக்ஸ்-11 போட்டுவிட்டு ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மறந்துவிடலாமே? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் எங்கள் பதில் வேண்டாம் என்பதே. ஐஎக்ஸ் வகையில் நடு முனை மட்டும்தான் இரிடியம். எதிரே வளைந்து நிற்கும் கொம்பு நிக்கல். அந்தக் கொம்பு தேயும், கேப் அகலும். கொம்பிலும் பிளாட்டினம் வைத்த லேசர் இரிடியம் வேறு ரகம், வேறு விலை. அதைவிடப் பெரிய காரணம் பிளக் இறுகிப்போவது. பிளக் மாட்டும் அலுமினிய ஹெட்டில் (இன்ஜினின் மேல்பகுதி) எஃகு மரை வருஷக்கணக்கில் அசையாமல் கிடந்தால் பிடித்துக்கொள்ளும். பின்வரிசைக் குழிகளில் கௌல் வழியாக மழைத்தண்ணீர் கசிவதும் உண்டு. 30,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, அதிகம் போனால் 40,000க்கு ஒருமுறை, நிக்கல் பிளக்கைக் கழற்றி மாட்டுவது ஹெட்டுக்கும் நல்லது. எட்டு இரிடியம் வாங்கும் காசில் இந்த நிக்கல் செட்டைப் பல தடவை மாற்றலாம்.

போலிகள் ஏராளம். அசல் பிளக்கில் வாஷரை விரலால் சுழற்றலாம், ஆனால் உருவி எடுக்க முடியாது. மரை வழவழப்பாக, பிசிறில்லாமல் இருக்கும். பீங்கானில் உள்ள எழுத்து நகத்தால் சுரண்டினால் வராது. கொம்பு நடு முனைக்கு நேர் மேலே இருக்கும். பக்கவாட்டில் சாய்ந்திருந்தால் திருப்பிக் கொடுங்கள். அசலே ஆனாலும் எட்டின் கேப்பையும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) வைத்துப் பாருங்கள், 1.0க்கும் 1.1க்கும் நடுவில் இருக்க வேண்டும். சரிசெய்ய வேண்டுமானால் கொம்பை மட்டும் வளையுங்கள், நடு முனையில் நெம்பக் கூடாது. எல்பிஜி கிட் உள்ள வண்டிக்கு 0.9 அளவுக்குக் குறைத்துக்கொள்வது வழக்கம்.

வேலையை ஆறிய இன்ஜினில்தான் செய்ய வேண்டும். சூட்டில் கழற்றினால் பிளக்கோடு அலுமினிய மரையும் வந்துவிடும். பிளக்குக்கு மேலே உட்கார்ந்து மின்சாரம் கொடுக்கும் காயில்களின் கனெக்டர் பிளாஸ்டிக் இந்த வயசில் அப்பளம் மாதிரி நொறுங்கும். பூட்டை அழுத்திப் பிடித்து உடம்பைப் பிடித்து இழுங்கள், ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். காயிலை எடுத்ததும் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பின்குழிகளில் துருத்தூளும் மக்கிய இலையும் கிடக்கும். காற்றடித்துச் சுத்தம் செய்யாமல் பிளக்கைத் தளர்த்தினால் அத்தனையும் சிலிண்டருக்குள் விழும். 16 மி.மீ. பிளக் சாக்கெட், 250 மி.மீ. நீட்டிப்பு, பின்வரிசைக்கு ஒரு யுனிவர்சல் ஜாயின்ட் போதும். இறுகியிருந்தால் துருநீக்கி எண்ணெய் விட்டு அரைமணி காத்திருங்கள். பிறகு கால் சுற்று தளர்த்தி, கொஞ்சம் இறுக்கி, மறுபடி தளர்த்தி, அப்படியே கொண்டுவர வேண்டும். ஒரே மூச்சில் முறுக்கினால் ஹெட் மரை போகும்.

வெளியே வந்த எட்டையும் சிலிண்டர் வரிசையில் ஒரு துணியில் அடுக்குங்கள். முனை காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் நல்லது. காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது: ஏர் ஃபில்டர், ஆக்சிஜன் சென்சார் பக்கம் பாருங்கள். ஈரமான கறுப்பு எண்ணெய் என்றால் வால்வு சீல் அல்லது பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. பீங்கானின் வெளிப்புறம், உலோகத்துக்குச் சற்று மேலே, பழுப்பு வளையம் இருக்கும். அதைக் காட்டி கேஸ் லீக் என்று பயமுறுத்துவார்கள். அது மின்னழுத்தத்தால் எண்ணெய்த் துகள் ஒட்டிய கறை, வேறொன்றுமில்லை. பழைய பின்வரிசைப் பிளக்கில் நடு முனையின் விளிம்பு மழுங்கி, சோப்புக்கட்டி ஓரம் மாதிரி உருண்டிருக்கும். விளிம்பு கூராக இருந்தால்தான் பொறி சுலபமாகத் தாவும். மழுங்கினால் காயில் இன்னும் அதிக வோல்டேஜ் கொடுத்தாக வேண்டும், காயிலின் ஆயுசும் குறையும். பிளக்கின் விலையோடு காயிலின் விலையை ஒப்பிட்டுப் பார்த்தால் தள்ளிப்போட மனசு வராது.

மாட்டும்போது சாக்கெட்டை விரலால் மட்டும் சுழற்றுங்கள், அல்லது பிளக் தலையில் ஒரு ரப்பர் குழாயைச் செருகிச் சுழற்றுங்கள். மரை தப்பினால் ரப்பர் வழுக்கி எச்சரிக்கும். வாஷர் உட்கார்ந்தபின் டார்க் ரெஞ்சில் 18 நியூட்டன் மீட்டர், இது ஹோண்டா சொல்லும் அளவு. மரை பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பேஸ்ட் தடவுவதில் இரண்டு பேச்சு உண்டு: என்ஜிகே வேண்டாம் என்கிறது, ஹோண்டா பட்டறைக் கையேடு சிறிதளவு தடவச் சொல்கிறது. தண்ணீர் இறங்கும் பின்வரிசையை நினைத்தால் நாங்கள் ஹோண்டா பக்கம். அரிசியளவு, மேல் மரையில் மட்டும், முனையில் படாமல். பேஸ்ட் போட்ட மரை எளிதாக அதிகம் இறுகிவிடும் என்பதால் 18ஐத் தாண்டாதீர்கள்.

மாற்றிய பிறகும் ஐடிலில் நடுக்கம் இருந்தால் காயிலைச் சோதியுங்கள். சந்தேகப்படும் காயிலை அதே வரிசையில் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் பாருங்கள்; முன்வரிசைக் காயில் பின்வரிசைக்கு ஆகாது. கோளாறு கூடவே நகர்ந்தால் காயில்தான். நகராவிட்டால் டேப்பெட்டை, அதாவது வால்வு இடைவெளியைப் பாருங்கள். இன்டேக் 0.15 முதல் 0.19 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.26 முதல் 0.30. இன்ஜின் 38 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது அளக்க வேண்டும், அதனால் நம் ஊர் வெயிலில் இது விடிகாலை வேலை. எல்பிஜியில் ஓடிய வண்டியில் எக்ஸாஸ்ட் இடைவெளி குறைந்திருக்கும். டக்டக் சத்தமே வராது, அதனால் யாரும் கவனிக்க மாட்டார்கள், வால்வு சரியாக மூடாமல் எரிந்துபோகும். கையோடு இன்ஜினுக்குக் காற்று போகும் த்ராட்டில் பாடியையும் சுத்தம் செய்து பேட்டரியைக் கழற்றி மாட்டியிருந்தால் ஐடிலை மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டும்: ஏசி, விளக்கு எல்லாம் அணைத்து, ரேடியேட்டர் ஃபேன் சுழலும்வரை 3000 ஆர்பிஎம்மில் வைத்து, பிறகு ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் ஐந்து நிமிஷம் ஐடிலில் விடுங்கள்.

கடைசியாக கௌல் பேனல். ஓர ரப்பர் காய்ந்து சுருங்கியிருந்தால் புதிது போடுங்கள், கிளிப் ஒன்றுகூட விட்டுப்போகக் கூடாது. மூடியதும் கண்ணாடி மேல் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, பானெட்டைத் தூக்கிப் பின்வரிசைக் காயில்களைத் தொட்டுப் பாருங்கள். விரல் ஈரமானால் அன்றைக்கே பேனலைத் திரும்பக் கழற்றி ரப்பரைச் சரிசெய்துவிடுங்கள்.