உரத்தொட்டியா, மெஷினா, பேட்டரி வண்டியா? ஃபிளாட் குப்பைக்கு எது தோது

வேளச்சேரிப் பக்கம் அறுபத்துச் சொச்சம் வீடுகள் உள்ள குடியிருப்பு எங்களுடையது. மக்கும் குப்பையை என்ன செய்வது என்று பொதுக்குழுவில் பேச்சு வந்தபோது நான்கு யோசனைகள் எழுந்தன. பிரித்து மாநகராட்சி பேட்டரி வண்டியில் கொடுத்துவிடுவது. சில லட்சம் போட்டு, மக்கும் குப்பையை உரமாக்கும் ஓ.டபிள்யூ.சி. மெஷின் வாங்குவது. பயோகேஸ் கலன் வைப்பது. காம்பவுண்டுச் சுவர் ஓரம் செங்கல் தொட்டி கட்டி உரமாக்குவது. நாங்கள் எடுத்தது தொட்டி. ஒரு வடகிழக்குப் பருவமழையையும் அதோடு தாண்டிவிட்டோம். அதனால் இதில் தராசு தொட்டிப் பக்கம் சாயும். அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

பிரிப்பது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பச்சைத் தொட்டியில் மக்கும் குப்பை, நீலத் தொட்டியில் மக்காத குப்பை. நாப்கின், டயப்பர் எல்லாம் செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்பு மையில் ஒரு அடையாளம் போட்டுத் தனியே. பேப்பர், அட்டைப்பெட்டி, கழுவிக் காயவைத்த பால் கவர் ஆகியவை பழைய பேப்பர் கடைக்கு. சிப்ஸ் பாக்கெட் போன்ற பல அடுக்கு உறைகளை அந்தக் கடைக்காரர் தொடக்கூட மாட்டார். அவை மாநகராட்சிக்குத்தான் போகவேண்டும். நான்கு வழிகளில் எதை எடுத்தாலும் இதுவரை எல்லாம் ஒன்றே. ஒரு விஷயம் மட்டும் பலர் மறந்துவிடுகிறார்கள்: பல வீடுகளில் குப்பையைப் பிரிப்பது வீட்டுக்காரர்கள் இல்லை, வேலைக்கு வரும் அக்காக்கள். சுற்றறிக்கையை வாட்ஸாப்பில் போட்டால் அது அவர்களுக்குப் போய்ச் சேராது. லிஃப்ட் பக்கத்தில் படம் போட்டு ஒட்டுவதும், அவர்களை ஒருநாள் உட்காரவைத்து டீ கொடுத்து விளக்குவதும்தான் பலன் தந்தன.

சட்டம் என்ன சொல்கிறது என்று எல்லா அசோசியேஷனிலும் ஒருவர் கேட்பார். 2016இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளே, நாளுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் இடங்களைத் தனி வகையாகப் பிரித்தன. 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கேட்டட் கம்யூனிட்டிகள் மக்கும் குப்பையை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே கையாளவேண்டும் என்றும் சொன்னன. எங்கள் குடியிருப்பில் மக்கும் குப்பை மட்டும் நாளுக்கு நாற்பது கிலோவை ஒட்டி வரும். கட்டாயம் என்று யாரும் கழுத்தைப் பிடிக்கவில்லை. விருப்பப்பட்டுத்தான் செய்கிறோம்.

முதலில் வண்டி. இதில் தொல்லையே இல்லை. காலையில் வருகிறது, எடுத்துக்கொண்டு போகிறது. பிரித்துக் கொடுத்த மக்கும் குப்பை உரக்கூடத்துக்கோ குப்பையிலிருந்து வாகன எரிவாயு எடுக்கும் பயோ சிஎன்ஜி ஆலைக்கோ போனால் நல்லது. பிரிக்காமல் கொடுத்தால் வடக்கே கொடுங்கையூர், தெற்கே பெருங்குடி. பெருங்குடிக் குப்பைமேடு எதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று வேளச்சேரிக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. 2022இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் அது. வண்டி வழியின் பலவீனம் ஒன்றுதான். கேட்டைத் தாண்டியபின் நம் கையில் எதுவும் இல்லை. நாம் பிரித்துக் கொடுத்தது அதே வண்டியில் ஒன்றாகக் கலப்பதை ஒருமுறை பார்த்துவிட்டால், மறுநாளிலிருந்து பாதி வீடுகள் பிரிப்பதை நிறுத்திவிடும். ஆனாலும் மண்தரையே இல்லாத, நான்கு பக்கமும் கார் நிறுத்தம் மட்டுமே உள்ள இருபது வீட்டு ஃபிளாட்டுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

பயோகேஸ் எங்களிடம் இல்லை. இரண்டு இடங்களில் போய்ப் பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன். ஒரு கிலோ சமையலறைக் கழிவிலிருந்து ஒரு கன மீட்டரில் பத்தில் ஒரு பங்கு வாயு கிடைத்தால் நல்ல விளைச்சல். எங்கள் நாற்பது கிலோவுக்கு, நாளுக்கு ஏறக்குறைய இரண்டு கிலோ சிலிண்டர் எரிவாயுவுக்குச் சமம். அதை யார் அடுப்புக்குக் கொண்டுபோவது? பொதுச் சமையலறையோ கேன்டீனோ உள்ள இடத்துக்கு அருமையான ஏற்பாடு. தனித்தனிச் சமையலறை உள்ள ஃபிளாட்டில் வாட்ச்மேன் அறைக்கு ஒரு டீ அடுப்பு எரியும், மீதி வீண். எலுமிச்சைத் தோல், சாத்துக்குடித் தோல் அதிகம் விழுந்தால் உள்ளே அமிலம் ஏறி வாயு குறைந்துவிடும் என்றும் அங்கே இருந்தவர்கள் சொன்னார்கள்.

மீதி மெஷினும் தொட்டியும். உண்மையான போட்டி இங்கேதான்.

மெஷினில் இரண்டு ஜாதி. ஒன்று, கழிவை அரைத்து மரத்தூளும் நுண்ணுயிர்க் கலவையும் சேர்த்துப் பிசைந்து தரும். அதைப் பிறகு கூடைகளில் அடுக்கி இரண்டு வாரமாவது பதப்படுத்தவேண்டும். இன்னொன்று, 24 மணி நேரத்தில் உரம் என்று விளம்பரம் செய்யப்படுவது. விற்க வந்தவர் காட்டிய பொடி பார்க்க காப்பித்தூள் நிறத்தில் அழகாகத்தான் இருந்தது. ஆனால் அது பெரும்பாலும் சூட்டில் காய்ந்த சாப்பாடு, மக்கிய உரம் இல்லை. சந்தேகம் இருந்தால் ஒரு பிடி பொடியைத் தண்ணீர் தெளித்து, மூடி போட்ட டப்பாவில் நான்கைந்து நாள் வைத்துத் திறந்து பாருங்கள். உரம் என்றால் மழை பெய்த மண் வாசனை. காய்ந்த சாப்பாடு என்றால் ஊசிப்போன வாடை மூக்கைத் துளைக்கும். இன்னொரு சோதனையும் உண்டு: அந்தப் பொடியை மண்ணில் கலந்து வெந்தயம் விதைத்துப் பார்க்கலாம். முளைப்பு சரியாக வரவில்லையென்றால் அது இன்னும் பக்குவப்படவில்லை. மெஷின் வாங்கப் போகிறவர்கள் விலைப்புள்ளி வாங்கும்முன் இரண்டையும் செய்துவிடவேண்டும்.

மெஷினுக்கு நியாயமாகச் சேரவேண்டிய பெருமைகளும் உண்டு. இடம் குறைவு. ஈ, எலி தொல்லை இல்லை. முந்நூறு வீடுகள் உள்ள வளாகத்தில் கையால் கிளறிக் கட்டுப்படி ஆகாது, அங்கே மெஷின்தான் சரி. ஆனால் கரண்ட் பில் உண்டு. பொது இணைப்புக்கு வீட்டு இணைப்பின் சலுகை கிடையாது. ஸ்பூன் ஒன்று உள்ளே போனால் பிளேடு போச்சு. பழுதானால் ஆள் வரும்வரை நாற்பது, எண்பது, நூற்றிருபது கிலோ என்று குப்பை ஏறிக்கொண்டே போகும். பக்கத்துக் குடியிருப்பு ஒன்றில் மெஷின் இப்போது தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிறது. உத்தரவாதக் காலம் முடிந்தபின் பராமரிப்பு ஒப்பந்தத்துக்குப் பணம் ஒதுக்க அவர்கள் பொதுக்குழு ஒப்பவில்லை.

தொட்டிக்குப் பழுதாக எதுவும் இல்லை. செங்கல்லுக்குச் செங்கல் இடைவெளி விட்டுக் கட்டிய ஆறு தொட்டிகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு கன மீட்டர், உட்புறம் எலி நுழையாத கம்பிவலை, மேலே தகரக் கூரை. ஒன்று நிறைய இரண்டு வாரத்தை ஒட்டி ஆகும். ஆறாவது நிறையும் நேரத்தில் முதல் தொட்டி அள்ளத் தயாராக இருக்கும். கட்டடச் செலவு மெஷின் விலையில் சிறு பங்குதான். எல்லாம் சரி, பிறகு ஏன் இத்தனை இடங்களில் தொட்டி நாறி, சண்டை வந்து, மூடப்படுகிறது?

காரணம் சருகு. வேறெதையும் விட இதைத்தான் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். எத்தனை தொட்டி, எந்த நுண்ணுயிர்க் கலவை, எவ்வளவு செலவு என்பதெல்லாம் அப்புறம். வருஷம் முழுக்கக் காய்ந்த சருகு கையிருப்பில் இருக்குமா, இருக்காதா?

காய்கறித் தோலிலும் மீந்த சோற்றிலும் ஈரமும் நைட்ரஜனும் அதிகம், கரிமம் குறைவு. நுண்ணுயிர்கள் சுறுசுறுப்பாக வேலை செய்ய ஒரு பங்கு நைட்ரஜனுக்கு இருபத்தைந்து முதல் முப்பது பங்கு கரிமம் வேண்டும். அந்தப் பற்றாக்குறையை ஈடுகட்டுவது சருகு. அதோடு இடையிடையே காற்று போக வழிவிடுவதும் அதுதான். கணக்கு எளிது: ஒரு வாளி கழிவுக்கு ஒன்று முதல் இரண்டு வாளி சருகு. சரியாக விழுந்தால் இரண்டு மூன்று நாளில் நடுவில் கை வைக்க முடியாத சூடு, 55 டிகிரிக்கு மேல். வாடை கிட்டத்தட்ட இருக்காது. சருகு குறைந்தால் மூக்கை அரிக்கும் அமோனியா நெடி வரும். ஈரம் மிஞ்சிக் காற்று அடைபட்டால் அழுகின முட்டை வாடை. உள்ளிருந்து ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக்கூடாது, கை ஈரமானால் மட்டும் போதும். எங்கள் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் அக்காவிடம் நான் வெப்பமானி வாங்கிக் கொடுத்தேன். “அதெல்லாம் எதுக்கு சார், மோந்து பாத்தாலே தெரியுதே, சருகு மட்டும் நிறுத்தாம குடுங்க” என்றார். வெப்பமானி இப்போது அலமாரியில் இருக்கிறது.

சிக்கல் என்னவென்றால் சருகு கிடைக்கும் காலமும் தேவைப்படும் காலமும் வேறு வேறு. சென்னையில் வேம்பும் புங்கனும் மாசி, பங்குனியில் கொட்டித் தீர்க்கும். அப்போது தெருவெல்லாம் சருகு. பெருக்குகிற தூய்மைப் பணியாளர்களிடம் கேட்டால் மூட்டையாகவே தருவார்கள், எரிக்காமல் போனால் அவர்களுக்கும் நிம்மதி. ஆனால் தொட்டி சருகுக்காக ஏங்குவது ஐப்பசி, கார்த்திகையில். காற்றிலேயே ஈரம், மரத்தில் எல்லாம் பச்சை இலை, விழுகிற நாலு இலையும் நனைந்து கிடக்கும். போதாக்குறைக்கு அதற்குச் சற்று முன்தான் ஆயுத பூஜை வாழைக்கன்றும் திருஷ்டிப் பூசணியும், அடுத்து தீபாவளியும். (பட்டாசுக் குப்பை தொட்டிக்குள் போகவே கூடாது. மாநகராட்சி அதைத் தனியாக எடுத்துக் கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயக் கழிவு மையத்துக்கு அனுப்புகிறது.) ஆகவே பங்குனியில் மூட்டை கட்டிச் சேர்ப்பதுதான் கார்த்திகையில் நாற்றம் வராமல் காக்கிறது. எங்களுக்கு மாடிப்படிக்கு அடியில் இருந்த இடம் முழுக்கச் சருகு மூட்டைக்கே போனது. சைக்கிள் நிறுத்த இடமில்லை என்று இன்னமும் முணுமுணுப்பு உண்டு. தீ பயத்தால் மின்பெட்டியிலிருந்து தள்ளித்தான் அடுக்கியிருக்கிறோம்.

எல்லாச் சருகும் ஒன்றில்லை. புங்கன், வாகை, தூங்குமூஞ்சி இலைகள் சீக்கிரம் மக்கும். மா இலையும் நாட்டு வாதாம் இலையும் தடித்தவை, நொறுக்கிப் போடாவிட்டால் உரத்தில் அப்படியே தெரியும். சருகு தீர்ந்தால் தென்னை நார்க்கழிவுக் கட்டி வாங்கலாம். கழுவாத சரக்கில் உப்பு அதிகம், செடிக்கு ஆகாது. மரக்கடைத் தூள் நல்லது, ஆனால் பிளைவுட் அறுத்த தூளில் பசை ரசாயனம் இருக்கும், அது வேண்டாம். இந்த மரத்தூள் செலவு மெஷினுக்கும் உண்டு என்பதை விற்பவர்கள் சொல்வதில்லை. அரைக்கும் வகை மெஷினுக்குத் தினமும் தேவை, வருஷம் முழுக்க விலைக்கு. மெஷின் வாங்கினால் சருகுத் தொல்லை தீரும் என்று நினைத்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்கும்.

தொட்டியின் குறைகளையும் மறைக்கவில்லை. ஈரம் ஏறும் நாட்களில் பெரிய வெள்ளைப் புழுக்கள் நெளியும். கறுப்புப் படைவீரன் ஈ (பிளாக் சோல்ஜர் ஃபிளை) என்ற ஈயின் புழுக்கள் அவை, கடிக்காது, நோய் பரப்பாது, கழிவை வேகமாகத் தின்று தீர்க்கும். இதை முதல் மாடிக்காரரிடம் சொல்லிப் பயனில்லை. ஒரு கூடை சருகு கொட்டி மூடுவதே பதில். சாம்பார், ரசம், மோர் போன்றவற்றை வடிகட்டித்தான் போடவேண்டும். கொட்டாங்கச்சியும் இளநீர்க் கூடும் மக்க வெகுகாலம் ஆகும், தனியே எடுத்துவிடுகிறோம். கிளறுகிறவருக்குக் கையுறை, பூட்ஸ், தனிச் சம்பளம் மூன்றும் கொடுக்கவேண்டும். ஹவுஸ்கீப்பிங் ஆளின் தலையிலேயே கூடுதல் வேலையாகக் கட்டிய இடங்களில் தொட்டி நீடித்ததை நான் பார்த்ததில்லை. மிக அதிக வீடுகள் உள்ள வளாகத்தில் இது எப்படித் தாங்கும் என்று எனக்கு அனுபவம் இல்லை. நூறு, நூற்றைம்பது வீடுகள் வரை தைரியமாகச் சொல்வேன்.

உங்கள் இடத்தில் மூன்று நான்கு பெரிய மரங்களும், பத்துக்குப் பத்து அடி நனையாத மூலையும் இருந்தால் தொட்டி. வீடுகள் முந்நூறு, பராமரிப்புக்கு ஆண்டுதோறும் பணம் ஒதுக்கும் துணிவும் இருந்தால் மெஷின், அதுவும் டப்பாச் சோதனையில் தேறினால். இரண்டும் இல்லையென்றால் வண்டி. தொட்டி என்று முடிவானால் தை மாதமே கட்டி முடித்துவிடுங்கள். மாசிச் சருகு விழும்போது கோணிப்பைகள் கையில் இருக்கவேண்டும்.