எகிப்துக் கொலையா, மடாலயக் கொலையா?

வீடு மாறியபோது அலமாரியில் இடமில்லை. சரித்திரக் கொலைக்கதை இரண்டில் ஒன்றுதான் தங்க முடியும் என்றானது. உம்பர்த்தோ எக்கோவின் 'தி நேம் ஆஃப் தி ரோஸ்' தங்கிவிட்டது, அகதா கிறிஸ்டியின் 'டெத் கம்ஸ் ஆஸ் தி எண்ட்' பழைய புத்தகக் கடைக்குப் போய்விட்டது.

விறுவிறுப்பு கிறிஸ்டியிடம்தான், அதில் பேச்சே இல்லை. இரண்டே நாளில் முடித்தேன். எக்கோவின் முதல் நூறு பக்கம் மலையேறுகிற மாதிரி. பதிப்பகத்தார் குறைக்கச் சொல்லியும் மனிதர் குறைக்கவில்லை.

எனக்கு முக்கியம் வேறொன்று. அந்தக் கொலை அந்தக் காலத்தில், அந்த இடத்தில் மட்டும்தான் நடந்திருக்க முடியுமா? எக்கோவின் கதை 1327இல், வட இத்தாலி மலைமேல் பெனடிக்டின் என்ற கத்தோலிக்கத் துறவிகளின் மடம் ஒன்றில் ஏழு நாட்கள் நடக்கிறது. கிறிஸ்துவுக்குச் சொத்து இருந்ததா என்று போப்பும் பிரான்சிஸ்கன் துறவிகளும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த சமயம் அது. அச்சு இயந்திரம் வரவில்லை, ஏடெல்லாம் கையால் எழுதியவை. ஒரே ஒரு பிரதியைப் பூட்டி வைத்தால் அந்த அறிவையே பூட்டின மாதிரிதான். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு புத்தகத்துக்காக உயிர் போகிறது என்றால் நம்ப முடிகிறது. கதையை இன்றைக்குக் கொண்டுவந்தால் யாராவது செல்போனில் படமெடுத்து அனுப்பிவிடுவார்கள், கதை அங்கேயே முடிந்தது.

கிறிஸ்டியின் கதை கி.மு. 2000 வாக்கில் எகிப்தின் தீப்ஸ் நகரில் நடக்கிறது. கல்லறைப் பூசகர் இம்ஹோடெப் நோஃப்ரெட் என்ற இளம் ஆசைநாயகியை வீட்டுக்குக் கூட்டிவருகிறார், குடும்பம் கொதிக்கிறது, பிணங்கள் விழுகின்றன. பாப்பிரஸ் தாளையும் நைல் நதியையும் எடுத்துவிட்டால் ஏதோ இங்கிலாந்துப் பண்ணை வீட்டுச் சொத்துத் தகராறுதான். ஆள் குறையக் குறைய, சந்தேகப்படவும் ஆள் மிஞ்சவில்லை. வயிற்றெரிச்சல் என்னவென்றால், கதைக்குக் கரு கொடுத்தவை ஹெகநக்த் என்ற பழங்கால எகிப்தியரின் நிஜக் கடிதங்கள். வீட்டில் யாருக்கு எவ்வளவு தானியம் என்று கணக்குப் போட்டு, தன் துணைவியை ஏன் மரியாதையில்லாமல் நடத்துகிறீர்கள் என்று திட்டியும் எழுதியிருக்கிறார். அந்தப் படியளக்கும் கறார்த்தனத்தில்தான் காலத்தின் வாசனை இருக்கிறது, நாவலில் அது ஆவியாகிவிட்டது. முடிவைக்கூட எகிப்தியல் அறிஞர் ஸ்டீபன் கிளான்வில் பேச்சைக் கேட்டு மாற்றிவிட்டு, பிற்பாடு அதற்காக வருந்தியதாகச் சுயசரிதையில் கிறிஸ்டியே எழுதியிருக்கிறார்.

ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எக்கோவை நான் படித்தது வில்லியம் வீவரின் ஆங்கில மொழிபெயர்ப்பில். லத்தீன் வந்த இடமெல்லாம் தாண்டிக் குதித்தேன், இறையியல் சண்டையில் பாதி தலைக்கு மேல் போனது. ஒருவேளை புரியாததால் வந்த மரியாதையோ என்னவோ.

அப்புறம், கிறிஸ்டியிலும் ஒருத்தி உண்டு, ஈசா பாட்டி. கண் சரியாகத் தெரியாது, ஆனால் வீட்டில் நடப்பது அத்தனையும் தெரியும், நாக்கு கத்தி. கடைக்காரர் நாற்பது ரூபாய் நீட்டியபோது, பாட்டி பேசும் பக்கங்களை மட்டும் கிழித்து வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். மனசு வரவில்லை.