நாள்பட்ட வலியும் மனவேதனையும்: எந்தத் துயரத்துக்கு எந்தச் சிகிச்சை?

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் அல்லது அத்தனை காலம் விட்டுவிட்டுத் திரும்ப வரும் வலியை மருத்துவம் நாள்பட்ட வலி என்கிறது. பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் 2020இல் திருத்தி வெளியிட்ட வரையறையிலும், வலி என்பது புலன் சார்ந்தும் உணர்ச்சி சார்ந்தும் நேரும் அனுபவம் என்றே இருக்கிறது. அப்படியானால் மனவேதனை வலிக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொள்வது அன்று, வலிக்குள்ளேயே இருப்பது. ஆனாலும் வலியோடு வாழ்பவர்கள் முதலில் கேட்கும் அறிவுரை பெரும்பாலும் "வலி குறைந்தால் மனசு தானாகச் சரியாகிவிடும்" என்பதுதான். எலும்பு முறிந்தவருக்கு அது சரியான அறிவுரை. உடல் முழுவதும் பரவலாக வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவருக்கோ பல ஆண்டு முதுகுவலிக்காரருக்கோ அதே அறிவுரை, மன ஆறுதலைத் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைப்பதாக முடிகிறது. தூக்கம் கெட்டால் வலி கூடுகிறது. வலி கூடினால் தூக்கம் கெடுகிறது. இரண்டுக்கும் நடுவில் மனம் சோர்கிறது. இந்தச் சுற்றில் ஒரு முனையை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றது வரட்டும் என்று காத்திருப்பதை நான் ஒரு தேர்வாகவே கருதவில்லை.

மீதமுள்ளவற்றில் முக்கியமானவை நான்கு: அறிவாற்றல் நடத்தை சிகிச்சை எனப்படும் சிபிடி, ஏற்பு மற்றும் ஈடுபாட்டுச் சிகிச்சை எனப்படும் ஏசிடி, நிகழ்கணத்தில் கவனத்தை நிறுத்தும் மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சி, மனச்சோர்வு மருந்துகள். இவற்றில் சிபிடிக்கும் ஏசிடிக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் பலர் குழப்பிக்கொள்கிறார்கள் என்பதால் அதைச் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது.

காலையில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, காலைத் தரையில் ஊன்றுவதற்கு முன் தயங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் மனதில் ஓடுவது, "இன்றைக்கு நடந்தால் நாளைக்கு எழுந்திருக்கவே முடியாது" என்ற எண்ணம். சிபிடி சிகிச்சையாளர் இந்த எண்ணத்தைச் சோதிக்கச் சொல்வார். நடப்பதற்கு முன், நாளை எவ்வளவு வலிக்கும் என்ற கணிப்பை ஒரு தாளில் எழுதிவைக்க வேண்டும். ஐந்து நிமிடம் மட்டும் நடக்க வேண்டும். மறுநாள் உண்மையில் எவ்வளவு வலித்தது என்பதைப் பக்கத்திலேயே குறிக்க வேண்டும். இரண்டு வாரத்தில் அந்தத் தாளில் கணிப்புக்கும் நடப்புக்கும் உள்ள இடைவெளி தெரியவந்தால், அச்சத்தின் பிடி தளர இடமுண்டு. ஏசிடி சிகிச்சையாளரோ அந்த எண்ணம் சரியா தவறா என்ற விசாரணைக்கே போகமாட்டார். "அந்த எண்ணம் வருகிறது, வரட்டும், அது இருக்கும்போதே எதற்காக நடக்க விரும்புகிறீர்கள்?" என்பது அவருடைய கேள்வி. பேத்தியைப் பள்ளி வாசல் வரை கொண்டுபோய் விடுவதற்காக என்று பதில் வந்தால், வலியைக் குறைப்பதைவிட அந்த வாசலை எட்டுவதே சிகிச்சையின் இலக்காகிவிடும்.

சான்றுகளைப் பார்த்தால், உளவியல் சிகிச்சைகள் குறித்து 2020இல் வெளியான, பல ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மறுஆய்வு 75 ஆய்வுகளையும் 9,401 பேரையும் உள்ளடக்கியது. சிபிடியால் வலி, இயலாமை, மனவேதனை ஆகிய மூன்றிலும் கிடைக்கும் நன்மை சிறியது அல்லது மிகச் சிறியது என்றும், ஏசிடிக்கான சான்றின் தரம் மிகக் குறைவு என்றும் அது முடிவு செய்தது. சான்றின் தரம் குறைவு என்பதற்குப் பலனில்லை என்று பொருள் கொள்ளக்கூடாது. உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்பதே பொருள். சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு, வேறு நோயால் முழுமையாக விளக்க முடியாத முதன்மை நாள்பட்ட வலிக்காக 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இரண்டில் எதையும் பரிசீலிக்கலாம் என்றே சொல்லியிருக்கிறது. எனவே, சராசரிப் பலனைவிடத் துயரத்தின் வடிவத்தை வைத்துத் தேர்ந்தெடுப்பதே பொருத்தம் என்பது என் கருத்து. வலி வருமோ என்ற அச்சமும், சிறு வலியையும் பேராபத்தாகப் பெருக்கிப் பார்க்கும் பழக்கமும் மேலோங்கியிருந்தால் சிபிடி கைகொடுக்கும். "இனிமேல் பழைய வேலைக்குப் போக முடியாது" என்று ஒருவர் அழுதால் நிலைமை வேறு. அது உண்மையாகவே இருக்கலாம். உண்மையான இழப்பைத் தவறான எண்ணமாக எடுத்து விவாதிப்பது அவரை அவமதிப்பதற்குச் சமம். அங்கே ஏசிடிதான் நாகரிகமான வழி.

மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சியை வலிக்காரர்களுக்குக் கொண்டுவந்தவர் ஜான் கபாட்-ஜின். 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் அவர் தொடங்கிய திட்டம்தான் இன்று எட்டு வாரப் பயிற்சியாக அறியப்படுகிறது. நாள்பட்ட கீழ்முதுகு வலியுள்ள 342 பேரிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், 26ஆம் வாரத்தில் அன்றாடச் செயல்பாட்டில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டவர்கள் இந்தப் பயிற்சியில் 60.5 சதவீதம், சிபிடியில் 57.7 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 44.1 சதவீதம். முதல் இரண்டுக்கும் இடையே சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடில்லை. ஆனால் தினமும் வீட்டில் முக்கால் மணி நேரம் ஒதுக்க வேண்டியிருப்பதால், படுக்கையை விட்டு எழவே மனமில்லாத அளவுக்குச் சோர்ந்திருப்பவரிடம் இதை முதலில் நீட்டுவது அவருடைய தோல்விப் பட்டியலில் இன்னொன்றைச் சேர்ப்பதாகிவிடக்கூடும்.

மருந்துகளில் ஒரு நுணுக்கம் பலருக்குச் சொல்லப்படுவதில்லை. வலிக்காக இரவில் 10 அல்லது 25 மில்லிகிராம் அமிட்ரிப்டிலின் என்ற மனச்சோர்வு மருந்தை எடுப்பவர், தாம் மனச்சோர்வுக்கும் சேர்த்தே மருந்து எடுப்பதாக நினைத்துக்கொள்கிறார். அந்த அளவு பொதுவாக மனச்சோர்வைக் குணப்படுத்தப் போதாது. டுலோக்செடின் என்ற மற்றொரு மனச்சோர்வு மருந்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. 60 மில்லிகிராம் வலி, மனச்சோர்வு இரண்டுக்குமே வழக்கமான அளவு. 176 ஆய்வுகளைத் தொகுத்து 2023இல் வெளியான காக்ரேன் மறுஆய்வும் வலிக்கு நம்பகமான சான்று அதற்கே உள்ளது என்றும், அதைவிட அளவைக் கூட்டுவதால் கூடுதல் பலன் இல்லை என்றும் கண்டது. ஆனால் அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை மனநலப் பாதிப்பு உள்ளவர்களைச் சேர்க்கவே இல்லை. நாம் யாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோமோ அவர்களே வெளியே நிறுத்தப்பட்டிருக்கிறார்கள் என்பது வேடிக்கைதான். தொடக்கத்தில் குமட்டலும் வாய் உலர்வும் வரலாம். டிரமடால் என்ற வலிநிவாரணி எடுப்பவர்கள் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். டுலோக்செடினைத் தாமாகத் திடீரென்று நிறுத்தக்கூடாது.

தேர்வுக்கு முன் மதிப்பீடு சரியாக இருக்க வேண்டும். மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 படிவத்தின் ஒன்பது கேள்விகளில் தூக்கம், களைப்பு, பசி போன்றவற்றுக்கான மதிப்பெண்களை வலியே ஏற்றிவிடும் என்பதால், கூட்டுத்தொகையை மட்டும் பார்ப்பது ஏமாற்றும்; ஆர்வம் வற்றிவிட்டதா, மனம் நம்பிக்கையற்று இருக்கிறதா என்ற முதல் இரண்டு கேள்விகளைத் தனியாகப் பார்க்க வேண்டும். சாவைப் பற்றியும் தன்னைக் காயப்படுத்திக்கொள்வது பற்றியும் கேட்கும் ஒன்பதாவது கேள்விக்கு ஆம் என்ற பதில் வந்தால் மேலே சொன்ன ஒப்பீடு எதற்கும் நேரமில்லை: அன்றே உதவி பெற வேண்டும், வீட்டிலுள்ள மாத்திரைகளை வேறொருவர் பொறுப்பில் வைக்க வேண்டும்.

மற்றபடி மருந்தும் உளவியல் சிகிச்சையும் ஒன்றுக்கொன்று எதிரிகள் அல்ல. கடுமையான மனச்சோர்வில் மருந்து சற்றுத் தூக்கிவிட்ட பிறகுதான் பலரால் பயிற்சிகளில் ஈடுபடவே முடிகிறது. உளவியலாளரிடம் அனுப்பும்போது, வலி பொய் என்று சொல்லவில்லை என்பதை மருத்துவர் வாய்விட்டுச் சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் "எல்லாம் மனசுலதான்" என்று சொல்லி அனுப்புவதாகவே நோயாளி எடுத்துக்கொள்வார், முதல் அமர்வுக்கே போகமாட்டார். எதைத் தொடங்கினாலும் எட்டாவது வாரத்தில், வலி பத்துக்கு எத்தனை என்று கேட்பதோடு நிறுத்திவிடாமல், கைவிட்டிருந்த எந்த வேலைக்கு இந்த வாரம் திரும்பினீர்கள் என்றும் கேட்க வேண்டும்.