எச்சில் பரிசோதனைக் கிட்: சீசன் நடுவே நம்பலாமா?

வீரர்களின் கார்ட்டிசோலையும் (மன அழுத்த ஹார்மோன்) ஐஜிஏவையும் (எச்சிலில் உள்ள நோய் எதிர்ப்புப் புரதம்) ஊசி இல்லாமல் அளக்கும் கிட். கருவி சரிதான், மாதிரி எடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

பல் துலக்கிய கையோடு எடுத்தால் ஈறு ரத்தம் கலந்து அளவு ஏறும். கார்ட்டிசோல் விழித்த 30–45 நிமிடத்தில் உச்சம் தொடும், ஆகவே தினமும் ஒரே நேரம் கட்டாயம். தலைகுனிந்து, காறித் துப்பாமல், 2 நிமிடம் குழாயில் வழியவிடுங்கள். அந்த எச்சிலின் எடையையும் குறியுங்கள்: உடலில் நீர் குறைந்து வாய் வறண்டால் ஐஜிஏ செறிவு பொய்யாக உயரும், நிமிடத்துக்கு எவ்வளவு ஐஜிஏ சுரக்கிறது என்ற வேகம்தான் உண்மை சொல்லும்.

அட்டையில் அச்சிட்ட 'நார்மல்' வரம்பு சுத்த வீண். ஆளுக்கு ஆள் அளவு அவ்வளவு மாறும். அமெரிக்கா கோப்பைப் படகு வீரர்களை 50 வாரம் கவனித்த 2008 ஆய்வில், ஐஜிஏ அளவு, நலமாக இருந்தபோதைய சொந்த சராசரியில் 40 சதவீதத்துக்கும் கீழே இறங்கியவர்களுக்கு, 3 வாரத்துக்குள் சளி பிடிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பாதிக்குப் பாதி. அந்தச் சொந்த சராசரி தெரிய, சீசனுக்கு முன்பே வாங்கினால்தான் பயன்.